ஊர் சொல்லாத விண்ணப்பம்

சொல் பிறக்கும் முன்னே செவி சாய்ப்பவனே, பிறை தாங்கிய சடையினனே, அம்மை பாகனே, உன் திருவடி வாழ்க, உன் திருச்செவியும் வாழ்க. திருவடியைப் போற்றிப் போற்றித் தழும்பேறிய நாக்கு இது. செவியை ஒரு நாளும் போற்றியதில்லை. உனக்குக் காது மந்தம் என்பதுபோலத்தானே ஒவ்வொரு விடியலிலும் குரலெடுத்துப் பெயரும் நட்சத்திரமும் ஊரும் சொல்லி விண்ணப்பித்து வந்திருக்கிறேன். இப்போது பூசையறையில் மணைப்பலகைமேல் அமர்ந்திருக்கிறேன். வலது முழங்கால் மரத்துவிட்டது. நீட்டினால் உன் முன்னே கால் நீட்டிய குற்றம், மடக்கினால் வலி, வலியே இருக்கட்டும், இன்றைக்கு அது பொருத்தம். விளக்கின் திரி கருகும் வாடை வருகிறது. பக்கத்து வீட்டில் குக்கர் கூவி ஓய்கிறது. உனக்கு இடதுபுறம் பூக்குடலை, அதன் அடியில், வாடிய வில்வத்துக்கும் ஈரத்துணிக்கும் நடுவே, அந்தச் சிறிய கைப்பேசி கிடக்கிறது. பள்ளியில் மதிய இடைவேளை விட்டதும் செண்பகம் அதில் அழைப்பாள். செண்பகம் என் மருமகள். என் மகன் நாயகத்தின் மனைவி. அவன் அறியாத ஓர் ஊரில், அவன் அறியாத ஒரு பள்ளியில் பாடம் சொல்லிக்கொண்டு, என் பேத்தி உமையாளோடு ஒளிந்து வாழ்கிறவள். அந்த ஊரின் பெயரை இன்று விடியலில் நான் பலர் கேட்கச் சொல்லிவிட்டேன். இனி நெஞ்சுக்குள்ளும் அதை உச்சரிக்கக் கூடாது என்று காலையிலிருந்து வாயைக் கட்டியிருக்கிறேன். கட்டக் கட்ட அதுவே மேலெழுந்து வருகிறது, ஓதாமலே வரும் பதிகம்போல.

நாக்கு செய்த வேலை என்று தள்ளிவிடலாம். அதுவும் தப்பித்தல்தான். முறையை வகுத்தவனே நான். அவரவர் வீட்டிலிருந்தபடியே கைப்பேசி வழியாகக் கூடி ஓதும் எங்கள் பாராயணக் குழுவில், யாருக்கேனும் பிறந்த நட்சத்திரம் வந்தால், பெயரும் நட்சத்திரமும் இப்போது வாசம் செய்யும் ஊரும் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்று நானே ஏற்படுத்தினேன். கோயில் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் போதும். ஊரைச் சேர்த்தது என் சரக்கு. ஊர் எதற்கு அண்ணாச்சி, சாமிக்குத் தெரியாதா என்று ஆவுடையம்மாள் முதல் நாளே கேட்டாள். முன்னோர் ஊர் ஊராகச் சென்று அந்தந்த மண்ணின் பெயர் சொல்லித்தானே பாடினார்கள், பொதுப் பதிகங்கள் சிலவற்றை விட்டால் ஊர் இல்லாத பாட்டு ஏது, மண்ணின் பெயரைச் சொன்னால் அந்த மண்ணில் அருள் இறங்கும் என்று ஒரு விளக்கம் அளித்தேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். உள்ளுக்குள் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியைத்தான் நீ குறித்து வைத்திருந்தாய் போலும். இன்று ரோகிணி. உமையாள் பிறந்த மாதத்தில் வரும் அவள் நட்சத்திரம். விடியலில் நீராடி, நீறணிந்து, ஊரார் எல்லோரும் வைத்திருக்கும் அந்தச் செயலியில் குழுவைக் கூட்டினேன். இன்றைக்கு யாருக்கு அண்ணாச்சி என்று பகவதியப்பன் கேட்டார். என் பேத்திக்கு என்றதும் வாழ்த்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. தாய் வீட்டுக்குப் போன மருமகள் இன்னும் வரவில்லையா என்று யாரோ கேட்டு, அந்தக் கேள்வி மற்றக் குரல்களில் மூழ்கிப் போயிற்று. கண்களை மூடினேன். குழந்தை தெரிந்தாள், ஒரு சடை அவிழ்ந்தபடி. உமையாள், ரோகிணி நட்சத்திரம், இப்போது வாசம், என்றேன். ஊரையும் சொன்னேன். உன் முன்னிலையில் பொய் சொல்ல நா எழவில்லை என்று இப்போது சொல்லிக்கொண்டால் அழகாக இருக்கும். உண்மை அதுவன்று. பொய்யா மெய்யா என்று நெஞ்சு ஆராயவே இல்லை. அவள் நிற்கும் இடம் தெரிந்தது, சொன்னேன், அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்கும் பதிகத்தின் முதல் சொல்லுக்கும் இடையில் ஆவுடை ஒரு முறை இருமினாள். அவளுக்கு இருமல் நோய் கிடையாது. அந்த இருமலில்தான் நான் விழித்தேன். ஆனால் வாய் அதற்குள் பண்ணைப் பிடித்துவிட்டிருந்தது, முழுப் பதிகத்தையும் பாடினேன், ஒரு சொல்லும் பிறழாமல், உள்ளே ஒருவன் தலையில் அடித்துக்கொண்டிருக்க வெளியே ஒருவன் தாளம் தவறாமல் பாடினான். அவ்விருவரில் உன் அடியான் யார்?

நாயகம் கெட்டவன் அல்லன். இதைச் சொல்லாமல் அடுத்த மூச்சை விட முடியவில்லை, ஏனெனில் அவனைக் கெட்டவன் என்று வைத்துவிட்டால் என் வேலை எளிதாகிவிடும், எளிதான எதையும் இன்று நான் நம்பத் தயாராக இல்லை. அவனுடைய தாயை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றபோது அவன் பள்ளியில் இருந்தான், வந்து அம்மா எங்கே என்று கேட்டான், வந்துவிடுவாள் என்றார்கள், வரவில்லை. அதன்பின் எங்கே என்ற சொல்லோடேயே வளர்ந்தவன். எங்கே போகிறாய், எங்கே இருந்தாய், யாரோடு பேசினாய். செண்பகம் வந்த புதிதில் அதை அன்பு என்றே எடுத்துக்கொண்டாள். மாமா, அவங்களுக்கு நான் இல்லாம முடியாது என்று என்னிடம் சிரித்தபடி சொன்னவள்தான். பிறகு அவளுடைய கைப்பேசியின் திறவுச்சொல் அவனிடம் போயிற்று, பிறகு அவள் பேசிய ஒவ்வொரு பேச்சுக்கும் விளக்கம் கேட்டான், பிறகு மணிக்கட்டில் நீலம், பிறகு ஒரு மாலை உடைந்த கைப்பேசியின் சில்லுகளைத் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டு இதே பூசையறை வாசலில் வந்து நின்றாள். எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. சில வாரங்கள் கழித்து ஒரு மாலை, கோயிலுக்குப் போகிறோம் என்று குழந்தையையும் கூட்டிக்கொண்டு கிளம்பினோம். கோயிலுக்குப் போனதும் பொய்யில்லை, கோயிலிலிருந்து பேருந்து நிலையத்துக்குப் போனதைச் சொல்லவில்லை, அவ்வளவே. மகனிடமிருந்து மறைத்த முதல் விஷயம். அதற்குப்பின் அவன் என்னைக் கேட்கும்போதெல்லாம், அப்பா, எங்க இருக்கா, ஒங்களுக்குத் தெரியாதா என்று அந்தப் பள்ளிச் சிறுவனின் கண்ணோடு கேட்கும்போதெல்லாம், எனக்கு எப்படியப்பா தெரியும் என்று சொல்லிச் சொல்லி, நீறு பூசிய நெற்றிக்குக் கீழே ஒரு பொய்ப்பெட்டியை வளர்த்துவிட்டேன். அன்று வந்துவிடுவாள் என்று அவனிடம் சொன்னவர்களில் நானும் ஒருவன் அல்லவா.

ஆவுடையம்மாள் இல்லையென்றால் இந்த வழியே பிறந்திராது. தொலைபேசி நிலையத்தில் இணைப்புப் பலகைக்கு முன் அமர்ந்து, ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்து ஓய்வுபெற்றவள். குழுவில் எல்லோரையும்விடச் சுருதி சுத்தமாக ஓதுபவள். என்னைக் கேலி செய்வதற்கு உரிமை தனக்கு உண்டு என்று தானே எடுத்துக்கொண்டவள். நான் இன்னும் திறக்காத செய்திகளுக்கு நான் படித்துவிட்டதாக அனுப்பியவர்களுக்கு நீலக்குறி விழுகிறதாம், இது என்ன மாயம் என்று அவளிடம்தான் கேட்டேன். என் கைப்பேசியை வாங்கிப் பார்த்தவள், மாயமும் இல்லை மந்திரமும் இல்லை அண்ணாச்சி, ஒங்க மகன் தன் கம்ப்யூட்டர்ல இதைச் சேர்த்து வச்சிருக்கான், நீங்க வாசிக்கிறதுக்கு முன்னாடி அவன் வாசிக்கான் என்றாள்.  செண்பகத்திடமிருந்து அதில் எதுவும் வந்திராதது உன் அருள். அதன்பின் இருவரும் வேறு செயலி தேடினோம், தலயாத்திரைபோல. ஒன்றில் நுழைந்த மறுகணமே நான் வந்து சேர்ந்துவிட்டதாகத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அதுவே முரசறையும் என்றாள். நுழையாமலே ஓடி வந்தோம். ஒன்று மின்னஞ்சல் கேட்டது. என் மின்னஞ்சல் நாயகம் உண்டாக்கிக் கொடுத்தது, சாவி அவனிடம். ஒன்றில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. கடைசியில் எண்ணும் கேட்காத, ஊரும் கேட்காத ஒன்று அமைந்தது. செண்பகம் புறப்பட்ட அந்த மாலை கோயில் மண்டபத்தில் தூணோரம் நின்று, ஆவுடை அவளுக்கு வாங்கிய புதிய கைப்பேசியையும், தன் வீட்டுப் பழையதென்று எனக்குத் தந்த இதையும் எதிரெதிரே பிடித்தாள். ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்துக்கொண்டன. இனி இந்த இரண்டுக்கும் நடுவே யாரும் ஒட்டுக் கேட்க முடியாது என்றாள். நடுவே நிற்பவனே அவனாயிற்றே என்று நான் உன் சந்நிதியைப் பார்த்தேன். அவருக்கு மட்டும் விலக்கு, போதுமா என்றாள். அங்கே நந்தியின் காதில் ஒருத்தி எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள், மறு காதைக் கையால் பொத்தியபடி. அதைக் காட்டி ஆவுடை சொன்ன சொல் காலையிலிருந்து என் மண்டையில் ஊசியாக நிற்கிறது. அண்ணாச்சி, எங்க எக்ஸ்சேஞ்சுல ஒரு ரகசியமும் வயர் வழியாப் போனதில்ல. எல்லாம் வாய் வழியாத்தான் போச்சு. நீங்க ஏழு பூட்டுப் போட்டுட்டுச் சாவியை வாசல்ல தொங்கவிடுத ஆளு, பாத்துக்கிடுங்க. சிரித்தேன். வாய்க்கு நீறு பூசியிருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

வெயில் சன்னல் கம்பி வழியாக உன் பீடம் வரை வந்துவிட்டது. இடைவேளைக்கு இன்னும் சற்று நேரம். சர்க்கரைப் பொங்கல் இலையின்மேல் ஆறிக்கிடக்கிறது. நானே வைத்தது, முந்திரி சற்றுக் கருகிவிட்டது. ஓர் எறும்பு வந்து இலையின் விளிம்பில் நின்று யோசிக்கிறது. பாராயணம் முடிந்த சிறிது நேரத்தில் பகவதியப்பன் வழக்கம்போல் பதிவைக் குழுவில் ஏற்றிவிட்டார். அதை எடுத்துவிடச் சொல்லலாமா என்று அவரை அழைத்தேன். நான் வாய் திறக்குமுன், இன்னைக்கு ஒங்க குரல் கணீர்னு இருந்துது அண்ணாச்சி, என் மச்சினனுக்கும் அனுப்பிட்டேன் என்றார். நன்றி என்று சொல்லி வைத்தேன். நன்றியாம். எடுக்கச் சொன்னால் ஏன் என்பார். எடுத்தால் எடுத்த இடத்தில் நீக்கப்பட்டது என்று ஒரு வடு நிற்கும், அந்த வடுவைப் பார்ப்பவன் நாயகமாக இருந்தால் ஒலியைவிட வடு உரக்கப் பேசும். அவன் குழுவில் இருக்கிறான். குழுவை உண்டாக்கிக் கொடுத்தவனே அவன். ஒரு நாளும் கேட்பதில்லை. ஆனால் எதையும் தெரிந்துகொள்ளாமல் விடாதவன். காலையில் பல் துலக்கியவன் இட்லியைத் தொடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அவன் காதில் எதையோ செருகியிருந்தான். பாட்டா? பதிவா? தெரு முனையில் வடக்கே திரும்பினான். அலுவலகமும் வடக்கே. அந்த ஊருக்குப் போகும் சாலையும் வடக்கே. திரும்பிய வேகம் வழக்கமான வேகமா? எத்தனை முறை நினைத்தாலும் வண்டி அதே முனையில் அதே பக்கம் திரும்புகிறது, ஒரு முறைகூடத் தெற்கே திரும்ப மறுக்கிறது. கொஞ்சம் கழித்து ஆவுடை சாதாரணத் தொலைபேசியில் அழைத்து, ஒங்க வீட்டுல பால் பொங்கி வழியுது அண்ணாச்சி, அடுப்பை அணைக்க வேண்டியவங்களுக்குச் சொல்லிருங்க என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அவளிடமும் நன்றி என்றுதான் சொன்னேன்.

சொல்ல வேண்டியவளுக்குச் சொல்வதற்கு என்ன தடை? பள்ளியின் எண் என்னிடம் இல்லை; நானே வேண்டாம் என்றேன், தெரியாததை நாக்கு சொல்லாது என்று. புதிய செயலியில் செய்தி அனுப்பினாலும் வகுப்பு முடியும்வரை அவள் கைப்பேசியைத் திறக்க மாட்டாள். ஆனாலும் அனுப்பியிருக்கலாம். தட்டினேன். உன் ஊர்ப்பெயரை என்று எழுதி அழித்தேன். இன்று காலை ஒரு பிழை என்று எழுதி அழித்தேன். பிழை என்ற சொல் மிகச் சிறியதாக இருந்தது. உண்மைத் தடை வேறு, அதை உனக்கு மறைத்து என்ன ஆகப்போகிறது. பேருந்தில் ஏறும்போது அவள் சொன்னாள்: மாமா, நான் இருக்கிற இடம் யாருக்காவது தெரிஞ்சா, அடுத்த இடத்தை ஒங்ககிட்டயும் சொல்ல மாட்டேன், கோவிச்சுக்கிடக் கூடாது. கோபிக்க மாட்டேன் என்றேன். எனவே இன்று நான் வாய் திறந்தால் குழந்தையின் குரல் எனக்கு முடிந்தது. வாரத்தில் ஒரு மதியம், அந்தச் சின்னக் குரல், தாத்தா என்று தொடங்கிப் பல் விழுந்த கதையில் முடிவது, என் முதுமையில் நீ இட்ட பிச்சை அது ஒன்றுதான். வாய் திறக்காவிட்டால்? அவன் பதிவைக் கேட்காமலே போயிருக்கலாம். மச்சினனுக்கு யாரைத் தெரியும். ஊர்ப் பெயரை யார் கவனித்தார்கள், ஆவுடையைத் தவிர. இருக்கலாம், இருக்கலாம் என்று நெஞ்சு ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைக்கிறது, விலைபோகாத பண்டத்தை மறுபடி மறுபடி எடுத்து முன்னே வைக்கும் வணிகனைப்போல. இன்னும் ஒரு வழி இருக்கிறது, அது எல்லாவற்றிலும் கீழானது. ஆவுடை எங்களுக்கு ஒரு குறிப்புச்சொல் வகுத்துக் கொடுத்திருக்கிறாள். அழைப்பை எடுத்ததும் நான் திருச்சிற்றம்பலம் என்றால் தடையில்லை, பேசலாம். அங்கே மழை உண்டா என்று கேட்டால் பக்கத்தில் ஆள் இருக்கிறது, உடனே துண்டித்துவிட வேண்டும். மழை உண்டா என்று கேட்டுவிட்டால் போதும். ஏதோ ஆபத்து என்று அவள் எச்சரிக்கை ஆவாள், கைப்பேசியை மாற்றுவாள், என்னைக் குற்றம் சொல்ல மாட்டாள், பாவம் மாமா, அகப்பட்டுக்கொண்டார் என்று இரங்கக்கூடச் செய்வாள். ஆவுடை வழியாகப் பிறகு மீண்டும் தொடர்பு உண்டாக்கலாம். தப்பித்தேன். இதை நினைத்த கணத்தில் முழங்கால் வலி நின்றுபோயிற்று, அதுதான் எனக்கு அச்சமாக இருந்தது. கைப்பேசியை மாற்றுவாள், சரி. ஊரை மாற்றுவாளா? எதற்கு மாற்றுவாள்? கம்பிதான் கசிந்தது என்று எண்ணிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதே ஊரில் இருப்பாள். என் பெயரைக் காக்க அவளை அங்கேயே நிறுத்திவைக்கும் சொல் அது. எறும்பு இலைக்குள் இறங்கிவிட்டது. உன் முகத்தில் விளக்கு ஆடுகிறது; நீ சிரிப்பதுபோலவும் இல்லை, சினப்பதுபோலவும் இல்லை; கேட்டுக்கொண்டிருப்பதுபோல மட்டும் இருக்கிறாய். எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறாயா? நான் பாடிக்கொண்டே இருந்ததால் பார்க்கவில்லையா?

குடலை அதிர்கிறது. வில்வ இலைகள் நடுங்குகின்றன. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எடுக்கிறேன், பச்சை வட்டத்தை விரல் தேடுகிறது, முதல் முறை தவறுகிறது, இரண்டாம் முறை பற்றுகிறது. மறுமுனையில் தட்டுகள் உருளும் ஓசை, பிள்ளைகளின் இரைச்சல், அவள் பேசவில்லை. நான் முதலில் பேச வேண்டும் என்பது முறை. இரண்டு சொற்களும் தொண்டையில் நிற்கின்றன, ஒன்றின் தோளில் ஒன்று கைவைத்துக்கொண்டு.  திருச்சிற்றம்பலம், என்றேன். சொல்லுங்க மாமா என்று அவள் குரல் தளர்ந்தது. அந்தத் தளர்ச்சியில் இருந்த நம்பிக்கைதான் என்னை உடைத்தது. பின்னாலிருந்து உமையாள், தாத்தா, எனக்குப் பாயசமா பொங்கலா என்று கேட்டாள். பொங்கல் என்றேன். பிறகு அம்மாவிடம் கொடு என்றேன்.

"செண்பகம், காலைல பாராயணத்துல பாப்பாவுக்கு விண்ணப்பம் வைக்கும்போது ஒன் ஊர்ப் பேரைச் சொல்லிட்டேன்மா. அரைகுறையா இல்ல, தெளிவாச் சொன்னேன். பகவதி அதைப் பதிவு பண்ணிக் குழுவுல போட்டுட்டார்."

இரைச்சல் தொலைவாகப் போயிற்று. அவள் நடந்து எங்கோ சுவர் ஓரம் போயிருக்க வேண்டும். மூச்சு மட்டும் கேட்டது. திட்டு வரும் என்று காத்திருந்தேன், வந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்று முதுகை நிமிர்த்திக்கொண்டேன், திட்டு ஒரு வகையில் கூலி அல்லவா. வரவில்லை. அவங்க வீட்டுல இருக்காங்களா என்று கேட்டாள். காலையிலேயே கிளம்பிவிட்டான், எங்கே என்று தெரியாது என்றேன். பதிவைக் கேட்டாங்களா? அதுவும் தெரியாது. மறுபடி மூச்சு. அவளுக்கு அந்தப் பள்ளி பிடித்திருந்தது, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயரையெல்லாம் எனக்கு ஒப்பித்திருக்கிறாள், மாடிப்படிக்குக் கீழே ஒரு சிறு வீடு, அதன் வாசலில் குழந்தை நட்ட வெண்டைச் செடி. இவையெல்லாம் அந்த மூச்சுக்குள் ஒவ்வொன்றாக விளக்கணைவது எனக்குக் கேட்டது. பிறகு பேசினாள்.

"வேற ஏதாவது சாக்குச் சொல்லியிருந்தியன்னா நான் இங்கயேதான் இருந்திருப்பேன் மாமா. சொல்லிட்டிய. அது போதும்." சற்று நிறுத்தினாள். "இனிமே இதுல நான் இருக்க மாட்டேன். ஆவுடையத்தைகிட்டயும் கேக்காதிய. பாப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசிருங்க."

குழந்தைக்கு எதுவும் தெரியாது. இன்னைக்கு எனக்குப் பாடுனியளா தாத்தா என்றாள். பாடினேன் என்றேன். எனக்குக் கேக்கவே இல்லையே என்றாள், குறையாக. யார் யாருக்கோ கேட்டது, இவளுக்குக் கேட்கவில்லை. நன்றாக இரு, நன்றாக இரு என்று இரண்டு முறை சொன்னேன். ஓதி ஓதிச் சேர்த்த சொற்களில் வேறொன்றும் அந்த வேளைக்கு வரவில்லை. ஓசை அறுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் இருந்த எங்கள் பழைய பேச்சுகள் ஒவ்வொன்றாக இல்லாமல் போயின. பல் விழுந்த கதை போயிற்று, வெண்டைச் செடியின் படம் போயிற்று, அவள் பெயர் இருந்த இடம் வெறும் சாம்பல் வட்டமாயிற்று. அதுவும் போயிற்று. நான் செய்ததும் அப்படிப் போய்விடுமா என்று உன்னைப் பார்த்தேன். கேட்டுக்கொண்டிருந்தாய்.

வெயில் பீடத்தை விட்டு இறங்கிச் சுவரைப் பிடித்தபின் வண்டியின் ஓசை வந்தது. மணைப்பலகையை விட்டு நான் எழவே இல்லை. நாயகம் பூசையறைக்குள் நுழைவதில்லை. நிலைப்படிக்கு அப்பால் நின்றான். காதிலிருந்த கருவி கழுத்தில் தொங்கியது. முகம் வியர்த்திருந்தது. ஆபீஸுக்குத்தான் போனேன், டீ குடிக்கும்போது பகவதி மாமா போட்டதைக் கேட்டேன், பாதியிலேயே வந்துட்டேன் என்றான், நான் கேட்காமலே. நேராக அந்த ஊருக்குப் போகாமல் ஏன் என்னிடம் வந்தாய் என்று கேட்க நினைத்தேன். அவன் கண்ணைப் பார்த்ததும் விளங்கிற்று. என் வாயால் கேட்டு உறுதி செய்துகொள்ள வந்திருக்கிறான், பள்ளி முடிந்து வந்த அன்றுபோல.

"அப்பா, பாப்பா எங்க இருக்கா?"

"காலைல எனக்குத் தெரியும்ப்பா. இப்பத் தெரியாது."

அவன் என் முகத்தில் பொய் தேடினான். பல மாதங்களாக அங்கே இருந்ததைக் கண்டுபிடிக்காதவன், இன்று அது இல்லாததைக் கண்டுபிடித்தான். கை நிலைக்கட்டையை இறுக்கிற்று. உடைப்பானோ என்று நினைத்தேன். உடைக்கட்டும் என்றும் நினைத்தேன். அவன் மெல்ல நிலைப்படியிலேயே உட்கார்ந்தான். அப்ப, இவ்வளவு நாளும் தெரிஞ்சிருக்கு என்றான். ஆமாம் என்றேன். ஒன் அம்மை விஷயத்துலயும் அன்னைக்கே ஒனக்கு நெசத்தைச் சொல்லியிருக்கணும், அதையும் சொல்லலை என்றேன்.  இலையைக் காட்டி, இன்னைக்கு ரோகிணியா என்று கேட்டான். பொங்கலை எறும்பு ஒதுக்கி ஒரு கவளம் எடுத்து அவன் கையில் வைத்தேன். உண்ணவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. வண்டிச் சாவி அவன் மடியில் கிடந்தது. நாளை அவன் அதை எடுத்துக்கொண்டு வடக்கே போகலாம். போனால் வெண்டைச் செடி மட்டும் இருக்கும். அவனுக்காகவும் உன்னைக் கேட்க எனக்கு உரிமை உண்டுதானே?

மாலைப் பாராயணத்துக்கு ஆட்கள் கூடும் நேரம் ஆகிறது. இன்றைக்கு யாருக்கு என்று பகவதியப்பன் கேட்பார். எல்லோருக்கும் என்பேன். இனி எந்த ஊரின் பெயரும் என் வாயில் வராது; பெயர் வேண்டாம், நட்சத்திரம் வேண்டாம், எந்த மண்ணையும் சுட்டாத பொதுப் பதிகம் ஒன்றை எடுப்பேன்; ஆவுடை இரும மாட்டாள். செவியாய் இருப்பவனே, நீ அறிவாய், அது போதும். இதைக் கேட்கிற நீங்கள் யாராயினும், எவ்விடத்தில் இருப்பினும், உங்கள் கதவைத் தேடி வருபவை நல்லனவாகவே இருக்கட்டும். நீங்கள் நம்பிச் சொன்ன சொல் சொன்ன காதோடு நிற்கட்டும். ஒளிந்திருப்பவருக்கு நிழலும், தேடி அலைபவருக்கு அமைதியும் வாய்க்கட்டும். உங்கள் வாசலில் குழந்தை நட்டது காய்க்கட்டும். வாழ்க.